பூச்சிக் கந்தோர்

எங்கள் மேலாளரை நான் முதன்முதலில் கண்டபோது அவர் நடைபாதையில் குப்புறப் படுத்திருந்தார். ஆக்லாந்து நகர மையத்தில், வேலைக்கு ஓடுகிறவர்களின் சப்பாத்துகள் அவருடைய தலையைச் சுற்றி விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு வசந்தகாலக் காலை அது. நரைத்த தலைமுடியோடு ஒரு பெண்மணி, மழைச்சட்டை, கையில் ஒரு தேக்கரண்டி. பக்கத்தில் நின்ற மாணவி ஒருத்தி அம்புலன்ஸைக் கூப்பிடுவதற்குப் போனைக் கையில் எடுத்துவிட்டாள். நான் குனிந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். "வெயிலை மறைக்காமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், இவள் குளிரில் விறைத்துப்போயிருக்கிறாள்" என்றார். இவள் என்று அவர் சொன்னது, கரண்டியின் ஓரத்தில் சீனித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பம்பிள்பீயை, தேனீயின் பருத்த உறவுக்காரியை. கறுப்பும் மஞ்சளுமாக, உடம்பு முழுக்க ரோமமாக, பெருவிரல் நுனியளவு இருந்தது. நான் பின்னால் பாய்ந்த வேகத்தில் ஒருவருடைய கோப்பி கொட்டியது. பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் நேர்முகத்தேர்வுக்கென்று முகவரி தேடிப் போய்க்கொண்டிருந்த பம்பிள்பீ பாதுகாப்பு அறக்கட்டளையின் மேலாளர் இவராகத்தான் இருக்க வேண்டும். ஒரே நகரத்தில் இப்படிப் படுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர் இருக்க வழியில்லை.

நேர்முகத்தேர்வு அங்கேயே நடந்தது. அவர் எழும்பவில்லை, நான் குந்தியிருந்தேன். முந்திய வேலை என்ன என்று கேட்டார். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையின் தொலைபேசியில் இருந்தேன் என்றேன். பூச்சிகளைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார். பயம் என்று மட்டும் தெரியும் என்றேன். பொய் சொல்லி வேலையை எடுத்துவிட்டு நாளும் பொழுதும் நடுங்கிக்கொண்டிருப்பதைவிட வீட்டில் இருப்பது மேல் என்பது என் எண்ணம். அவர் முதல்முறையாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அருமை. எங்களைக் கூப்பிடுகிற எல்லாரும் பயந்தவர்கள். பயமில்லாதவர்கள் போனை எடுத்தால் புத்தி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் கேட்பீர்கள்" என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்டியில் இருந்த ராணிப் பூச்சி சிறகை அடித்து எழும்பிப் பறந்தது. அவர் ரோட்டென்றும் பாராமல் கைதட்டினார். வேலை கிடைத்தது எனக்கா அதற்கா என்று தெரியாமல் நானும் தட்டினேன்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது முதல் கிழமையிலேயே விளங்கியது. கொம்போஸ்ட் தொட்டியைத் திறந்தவர்கள், பழைய மெத்தையைத் தூக்கியவர்கள், தோட்டக் கொட்டகைக்குள் புல்வெட்டும் இயந்திரத்தை எடுக்கப் போனவர்கள் எல்லாரும் மூச்சுவாங்கிக்கொண்டு கூப்பிடுவார்கள். என்னுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள்? குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கிறவர்கள்தான் அதிகம். ஒரு முரட்டுக் குரல்காரர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தார், மனைவி வெளியில் நிற்கிறாராம். "நானும் உங்களை மாதிரித்தான், நானென்றால் இந்நேரம் அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன்" என்று சொன்னதும் அவர்களுக்கு மூச்சு வரும். அதன் பிறகு பம்பிள்பீயைப் பற்றிச் சொல்லுவேன். சும்மா கொட்டாது, கூட்டை நோண்டினால்தான் கொட்டும். தேனீயைப் போல வருஷக்கணக்காக இருப்பதில்லை, ஒரு கோடையோடு கூடு முடிந்துவிடும். முடிகிற காலத்தில் பிறக்கிற புது ராணிகள் மட்டும் பறந்துபோய், மண்ணுக்குள் உறங்கி, அடுத்த வசந்தத்தில் புதுக்கூடு வைக்கும். ஆகையால் கொஞ்சம் பொறுங்கள், அசையாமல் நின்றால் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இதை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லுவேன், கதிரையில் இருந்துகொண்டு, யன்னலை இறுகப் பூட்டிக்கொண்டு.

எங்கள் மூன்றாவது ஆள் களப்பணியாளர். கூடுகளைப் போய்ப் பார்க்கிறவரும், இடம் மாற்றுகிறவரும் அவர்தான். பிஜியில் பிறந்தவர். அவருடைய பாட்டனுக்குப் பாட்டனைத் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுபோனார்களாம். தமிழில் அவருக்கு மிஞ்சியிருந்தது ஒரு கைப்பிடிச் சொற்கள், அதில் 'அக்கா' என்பதை மட்டும் என்மேல் தாராளமாகச் செலவழிப்பார். பம்பிள்பீ இந்த நாட்டுக்கு உரியதல்ல, ஆடுமாடு மேயும் குளோவர்ப் புல் விதை பிடிப்பதற்காக இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். "எங்களுக்குக் கரும்பு, இவர்களுக்குக் குளோவர். எல்லாம் ஒரே ஒப்பந்தம்தான் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தானே பெரிதாகச் சிரிப்பார். மூன்று பேரும் சேர்ந்தால் அலுவலகம் சந்தைக்கடைதான். முன்புறப் புல்லை வசந்தத்தில் யாரும் வெட்டக்கூடாது என்பது சட்டம். தபால்காரர் மஞ்சளாகப் பூத்து முழங்கால் உயரத்துக்கு நின்ற டான்டேலியன்களை மிதிக்காமல், கொக்கு மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வருவார்.

இந்த வேலையை மதிக்காத ஒரே ஆள் என் மச்சாள். என் கணவரின் அக்கா. எப்சம் பகுதியில், நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று மோர்ட்கேஜ் கடன் எடுத்து வாங்கிய வீட்டில் இருந்தார். கலியாண வீடுகளில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் எனக்கு முந்தி அவர் பதில் சொல்லுவார்: "அவ பூச்சிக் கந்தோரில வேலை." ஊர்ப் பேச்சில் கந்தோர் என்றால் அலுவலகம்தான், ஆனாலும் பூச்சியைச் சேர்த்துச் சொல்லிவிட்டு உதட்டை ஒரு பக்கம் இழுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவருடைய மகள், என் மருமகள், என்மேல் உயிராக இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அந்தப் பிள்ளை இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

அவள் பூப்படைந்து பெரியபிள்ளையானபோது, மச்சாள் கோடை விடுமுறையில் சாமத்திய வீடு செய்வதென்று முடிவெடுத்தார். மண்டபத்தில் அல்ல, சொந்த வீட்டுப் பின்வளவில், பந்தல் போட்டு, பிள்ளையை இருத்துகிற மணவறை வைத்து. பிள்ளைக்கு உயிரே போய்விட்டது. பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்கு முன்னால் இதென்ன வெட்கக்கேடு என்று அழுது பார்த்தாள், பிறகு தாயோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள். மச்சாளும் இறங்கி வருகிற ஆளில்லை. தாய்மாமன் மாமி என்ற முறையில் நானும் என் கணவரும் இரண்டு பக்கமும் தூது போய்க் களைத்தோம்.

சடங்குக்கு முந்திய கிழமை அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்து வழமைபோல வணக்கம் சொன்னேன்.

"உங்கட ஆக்கள் என்ர டெக்குக்குக் கீழ குடியிருக்கினம்" என்றார் மச்சாள். "சனிக்கிழமை அதுக்குப் பக்கத்திலதான் மணவறை. நான் மருந்தடிக்கிறவனுக்குச் சொல்லப்போறன். பிறகு எனக்குச் சொல்லேல்லை எண்டு குறை பிடியாத."

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அன்றைக்கே களப்பணியாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்வாசலுக்கு வெளியே பலகையால் போட்ட தளம்தான் அந்த டெக். அவர் அதன் கீழே தவழ்ந்து போனார். வெளியில் வந்தபோது தலையெல்லாம் சிலந்திவலை, கண்ணில் தண்ணீர். நீள நாக்குக்காரர்கள் அக்கா, என்றார். ஆழமான பூக்களுக்குள் நாக்கை விட்டுத் தேன் எடுக்கிற அரிதான இனம் அது. அவர் வருஷக்கணக்காக நகரத்துக்குள் தேடியும் ஒரு கூடு அகப்படவில்லை. இப்போது மச்சாளின் டெக்குக்குக் கீழே, வீட்டுத் தரை குளிராமல் அடைத்த பஞ்சுக்குள், புது ராணிகள் வெளிவரும் பருவத்தில் இருக்கின்றன. பஞ்சோடு பஞ்சாக ஒட்டியிருப்பதால் பெயர்த்தால் கூடு சிதறிவிடும். சில கிழமை பொறுத்தால் ராணிகள் தாமாகவே பறந்துபோய்விடும். மருந்தடித்தால் எல்லாம் அன்றோடு சரி.

மேலாளர் அடுத்த நாள் தானே வந்தார். கூடு இருக்கிற இடத்தில் இருக்கட்டும், வாசலை மட்டும் மாற்றுவோம் என்றார். எங்கள் வேலையில் இது ஒரு முறை. இருள் கவிகிற மம்மல் பொழுதில், எல்லாம் உள்ளே அடைந்த பிறகு, களப்பணியாளர் கூட்டின் வாசலில் ஒரு பைப்பைப் பொருத்தி, அதை டெக்கின் அடியால் இழுத்து வளவின் கோடி வேலி வரைக்கும் கொண்டுபோனார். பைப்பின் வாய்க்கு நீல வர்ணம் பூசினார், வீட்டுக்கு வருகிறவை தங்கள் வாசலை அடையாளம் கண்டுபிடிக்க. விடிய அவை அங்கே ஒவ்வொன்றாக வெளியே வந்து, திரும்பி நின்று, புது வாசலை வட்டமடித்துப் படித்துக்கொண்டு போயின. மச்சாள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "நல்லது. ஆனா ஒண்டு. சனிக்கிழமை ஒரு பூச்சி என்ர சபையில கண்டனெண்டால் திங்கட்கிழமை மருந்துதான். அவனுக்கு நேரமும் குடுத்திட்டன்." ஒன்றும் வராது மச்சாள், நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். களப்பணியாளரிடமும், கூட்டுக்கு ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே, அது எனக்குச் சும்மா கிடக்காது.

மச்சாள் முறை தவறாதவர், என் அலுவலகத்தார் இருவரையும் சடங்குக்குச் சொல்லியிருந்தார். என்ன கொண்டுவரலாம் என்று மேலாளர் என்னைக் கேட்டார். அன்றைக்கு எனக்கு நூறு வேலை. பூ ஏதும் கொண்டுவாருங்கள், சபைக்கு அழகாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். வாழ்நாள் முழுக்கப் பம்பிள்பீயோடு வாழ்ந்த ஒருவரிடம் பூ என்று சொன்னால் அவருக்கு எந்தப் பூ நினைவுக்கு வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ரோஜா, கார்னேஷன் என்று வரும். அவருக்குப் பூவென்றால் வண்டுக்குச் சோறு. அதுவும் அந்தக் கிழமை முழுக்க அவருடைய தலைக்குள் இருந்தது நீள நாக்கு ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை நான் பின்பக்கம் போகவே இல்லை. நானும் என் கணவரும் பிள்ளைக்குப் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்த்தோம். பிறகு உள்ளே கொண்டுபோய்ச் சேலை உடுத்தி, நகை பூட்டி, தலையில் மல்லிகைச் சரம் வைத்தோம். பிள்ளையின் முகம் மழை இருட்டாக இருந்தது. இடையில் மச்சாள் ஓடிவந்து, "உன்ர கந்தோர்ப் பெரியவ நல்ல மனிசி, மணவறைச் சோடினையைப் போய்ப் பார், ஊதாவும் சிவப்புமாய் ஒரு தோட்டத்தையே கொண்டுவந்து இறக்கியிருக்கிறா" என்று சந்தோஷத்தில் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். மச்சாள் என் கன்னத்தைக் கிள்ளியது அதுதான் முதல்தடவை. நான் அப்போதாவது சுதாரித்திருக்க வேண்டும்.

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தவள் படியிலேயே நின்றுவிட்டேன். மணவறையின் இரண்டு பக்கமும் லாவண்டர், ஃபொக்ஸ்குளோவ், சிவப்பு குளோவர், சல்வியா. வெட்டிய பூக்கள் அல்ல, அலுவலகத் தோட்டத்தையே வேரோடும் சட்டியோடும் வான் வண்டியில் ஏற்றி வந்திருந்தார்கள். நாங்கள் பாதுகாப்புச் செடிகள் என்று துண்டுப்பிரசுரத்தில் போடுகிற அத்தனையும் வரிசையில் நின்றன. அதுவரை மூடிக்கிடந்த வானம் அந்த நேரம் பார்த்துத் திறந்து வெயில் விழுந்தது. கோடி வேலிப் பக்கமிருந்து முதலாவது பம்பிள்பீ வந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. சபைக்கு நடுவில் மேலாளர் நின்றார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது என்பதை, வாயைப் பொத்திய அவருடைய கை சொல்லியது. களப்பணியாளர், கூடு இனிப் போய்விட்டது என்ற முகத்தோடு மச்சாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை மணவறையில் இருந்ததும் ஆரத்தி எடுக்க என் கையில் ஆலாத்தித் தட்டைத் தந்தார்கள். அதை வைக்கவும் முடியாது, போட்டுவிட்டு ஓடவும் முடியாது. ஒரு பருத்த பம்பிள்பீ தட்டைச் சுற்றிவிட்டு என் மணிக்கட்டில் வந்து இருந்தது. அதன் கால்களின் கூச்சம் இன்றைக்கும் எனக்குத் தெரியும். அசையாமல் நின்றால் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும் என்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான். அது உண்மைதானா என்று அன்றைக்குத்தான் பார்க்கக் கிடைத்தது. தட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். மேலாளர் தூரத்திலிருந்து மூச்சை இழுத்து விடும்படி சைகை காட்டினார். இழுத்தேன், விட்டேன். அது என் மணிக்கட்டைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு, இது பூ இல்லை என்று முடிவு செய்து லாவண்டருக்குப் போனது.

அடுத்தது பிள்ளையின் மல்லிகைச் சரத்தில் இறங்கியது. ஒரு பெரியம்மா, "ஐயோ பிள்ளைக்குக் கொட்டப்போகுது" என்றார். பிள்ளை கண்ணை மட்டும் மேலே உயர்த்தினாள்.

"மாமி, டோன்ட் மூவ்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். "இட்ஸ் ஸோ ஃபிளஃபி."

பஞ்சு மாதிரி இருக்கிறதாம். பிறகு சிரித்தாள். இரண்டு கிழமையாக யாரும் கேட்காத சிரிப்பு. வாசல் பக்கம் ஒதுங்கி நின்ற சிநேகிதிகள் போனைத் தூக்கிக்கொண்டு மணவறைக்கு ஓடிவந்தார்கள். வீடியோக்காரர் விழித்துக்கொண்டார். களப்பணியாளர் பிள்ளைகளின் நடுவே போய், எது வேலைக்காரி, எது ராணி, அந்த நாக்கு எவ்வளவு நீளம் என்று ஃபொக்ஸ்குளோவைப் பிடித்துக் காட்டத் தொடங்கினார். வெட்கக்கேடு என்று அழுத பிள்ளை, சேலையோடும் நகையோடும் நடுநாயகமாக இருந்து, என்னுடைய மாமி இவர்களுக்காகத்தான் வேலை செய்கிறா என்று சிநேகிதிகளுக்குச் சொன்னாள். அந்த ஒரு வசனத்துக்காக அன்றைக்கு நான் எத்தனை கொட்டும் வாங்கத் தயாராக இருந்தேன். ஒருவருக்கும் கொட்டவில்லை.

ஆனால் மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டினால்கூட ஒரு நிம்மதி. விருந்தாளிகளை வழியனுப்பினார், என் அலுவலகத்தாருக்கு வடையும் பலகாரமும் கட்டிக் கொடுத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எடுத்த போனுக்குப் பதில் இல்லை. மேலாளரோ, செய்த வேலையை நினைத்து நினைத்து நொந்துபோனார். மன்னிப்புக் கேட்க இன்னும் கொஞ்சம் பூ கொண்டுபோகட்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

இன்றைக்கு அந்த மேலாளர் ஓய்வுபெற்றுத் தெற்கே ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டார். அவருடைய கதிரையில் களப்பணியாளர் இருக்கிறார், கூடு பார்க்க இரண்டு இளையவர்கள் போகிறார்கள். புல்லை இன்னும் வெட்டுவதில்லை. தொலைபேசியில் நான்தான். வசந்தகாலத்தில் நானும் நடைபாதையில் குந்தி, கரண்டியை எட்டப் பிடித்துச் சீனித்தண்ணீர் கொடுப்பதுண்டு, குப்புறப் படுக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை. எத்தனையோ அழைப்புகள் வந்து போயின. ஆனால் எப்போதாவது மனம் சலித்தால் அந்தத் திங்கட்கிழமை வந்த அழைப்பைத்தான் நினைத்துக்கொள்வேன்.

விடிந்ததிலிருந்து கொட்டும் மழை. மருந்தடிப்பவர் வருகிற நேரம் நெருங்க நெருங்க நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். சிதறினாலும் பரவாயில்லை, பெயர்த்துக்கொண்டு வந்து பார்ப்போம் என்று களப்பணியாளர் பெட்டியையும் அரிவாளையும் வானில் ஏற்றிவிட்டு நின்றார். அப்போது தொலைபேசி அடித்தது. எடுத்தேன். பின்னால் மழை இரைகிற சத்தம், அதற்குள் மச்சாளின் குரல்.

"நீ 'எங்க நிக்கிறியள்' எண்டு கேக்க முதல் நானே சொல்லுறன். வேலிக்கரையில நிக்கிறன்."

"மருந்தடிக்கிறவன் வந்திட்டானோ மச்சாள்?"

"வந்தவன். ஆள் தேவையில்லையெண்டு அனுப்பிப்போட்டன். அதை விடு. மழை நேர பைப்பின்ர வாய்க்குள்ள அடிக்குது, தண்ணி உள்ள போனா குஞ்சுகளுக்கு என்ன ஆகும்? பிள்ளையும் நானும் விடியத் தொடக்கம் மாறிமாறிக் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். கை நோகுது. உன்ர கந்தோரில இருந்து கெதியா ஒராளை அனுப்பு."